நாயக்கர் மகாலில் இருந்த ஜில்லா கோர்ட்டு

என் அப்பா மாதாமாதம் சம்பளம் வாங்கிய ஆபீசுக்குள் நுழைய இப்போது டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கிறது. மதுரை திருமலை நாயக்கர் மகாலைத்தான் சொல்கிறேன். 1970 வரைக்கும் அது ஜில்லா கோர்ட்டு. அப்பா அங்கே நகல் பிரிவில் குமாஸ்தா. பந்தடித் தெரு ஒன்றில் எங்கள் வீடு. நூலுக்குச் சாயம் போடும் சௌராஷ்டிர வீடுகளின் வாசல் ஈரத்தைத் தாண்டித் தாண்டி நடந்தால் மகால் வந்துவிடும். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் மத்தியானச் சாப்பாட்டைத் தூக்கில் எடுத்துப்போவது என் வேலை. ஆகவே நாயக்கர் மகால் எனக்கு ரசம் சிந்தாமல் போய்ச்சேர வேண்டிய ஓர் இடமாகத்தான் முதலில் அறிமுகமானது. அது அரண்மனை என்பதைப் பாடப் புத்தகம் பிறகு சொல்லிக்கொடுத்தது.

மகாலைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரே வரிசையில்தான் எழுதுகிறார்கள். 1636-ல் கட்டியது, சொர்க்க விலாசம், ரங்க விலாசம், முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு, இத்தாலியிலிருந்து ஒரு கொத்தனார் வந்து திட்டம் போட்டுக்கொடுத்தார் என்ற கதை, பேரன் சொக்கநாத நாயக்கர் பாதியைப் பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டுபோனது, அப்புறம் ஒரே தாவலில் ‘பம்பாய்’ படப் பாட்டு. நடுவில் ஒரு நூறு வருஷம் விழுந்துவிடுகிறது. எங்கள் வீட்டு உலை கொதித்தது அந்த நூறு வருஷத்தின் கடைசிப் பகுதியில் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் சொந்தக் கோபம் உண்டு. ஆனால் சொந்தக் கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தாலும் கணக்கு உதைக்கிறது. நாயக்க மன்னர்கள் அந்தக் கூடங்களில் உட்கார்ந்திருந்த காலத்தைவிட நீதிபதிகள் உட்கார்ந்திருந்த காலம் அதிகம். திருமலை நாயக்கர் 1659-ல் காலமானார். சொக்கநாதர் தலைநகரத்தையே திருச்சிக்கு மாற்றிக்கொண்டார். அரண்மனை அரண்மனையாக இருந்தது ஒரு தலைமுறைக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மகாலுக்கு வந்தது கேட்பாரற்ற காலம். தாமஸ் டேனியல் என்ற ஆங்கிலேய ஓவியரும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1792-ல் மதுரைப் பக்கம் வந்து வரைந்துகொண்டுபோன படங்களில் அது இடிபாடாகவே இருக்கிறது. முழு அரண்மனையில் கால்வாசிதான் இன்று மிச்சம் என்பார்கள். மகாலிலிருந்து கொஞ்சம் தள்ளி, துணிக்கடைகளுக்கு நடுவே, கூரையில்லாமல் பத்துத் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. அந்தச் சந்துக்கே பத்துத் தூண் சந்து என்று பெயர். அரண்மனை எதுவரைக்கும் போயிற்று என்று தெரிய வேண்டுமானால் அங்கே போய் நின்று மகால் இருக்கும் திசையைப் பார்க்க வேண்டும். நடுவில் உள்ளதெல்லாம் வீடும் கடையும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் மதுரையில் இடிப்பதுதான் முன்னேற்றம். கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை வெளியே விரித்தார். வெளி வீதிகள் அப்படி வந்தவை. மாரட்டு, பெருமாள் மேஸ்திரி என்று அந்த வேலையில் இருந்தவர்கள் பெயரிலேயே வீதிகள் உண்டு. கலெக்டருக்கு நன்றியாக ஊர் வைத்த விளக்குக் கம்பம்தான் விளக்குத்தூண். மகாலுக்குக் கூப்பிடு தூரம். அந்த வேகத்தில் மகாலும் செங்கல் செங்கலாகக் காணாமல் போயிருக்க வேண்டியதுதான். 1866-லிருந்து 1872 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு அதைப் பழுதுபார்க்கச் சொன்னார். வேலையில் கட்டிடக் கலைஞர் ராபர்ட் சிஷோமின் கை இருந்தது. பின்னால் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு செனட் ஹவுஸ் கட்டிய அதே சிஷோம். பழுதுபார்த்த கூடங்களில் நீதிமன்றம் குடியேறியது. கவர்னருக்குப் பழைய கட்டிடங்கள் மேல் பிரியம் இருந்தது உண்மை. ஆனால் பிரியத்துக்காக மட்டும் சர்க்கார் காசு வெளியே வராது, உபயோகம் ஒன்று காட்ட வேண்டும். 1873-ல் வந்த சென்னை சிவில் நீதிமன்றச் சட்டம் ஜில்லா கோர்ட்டு, சப்-கோர்ட்டு, முன்சீப் கோர்ட்டு என்று அடுக்கை ஒழுங்குபடுத்தியபோது மாவட்டத் தலைநகருக்கு இடம் தேவைப்பட்டது. இடம் இருந்தது. மகால் இன்று நிற்பதற்கு நாயக்கரின் சுண்ணாம்பு பாதிக் காரணம் என்றால், வழக்காடுகிற நம் ஜனங்களின் கோர்ட்டுக் கட்டணம் மீதிப் பாதி என்று நான் சொல்லுவேன்.

நல்ல கோர்ட்டுக் கட்டிடமா அது என்று கேட்டால், சத்தியமாக இல்லை.

மூன்று ஆள் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத தூண்கள். அண்ணாந்தால் கழுத்து வலிக்கும் கூரை. ராஜா கொலுவிருந்து, கீழே இருப்பவன் நடுங்க வேண்டும் என்று யோசித்துக் கட்டியது. அதில் மரத் தடுப்புகளையும் பீரோக்களையும் நிறுத்தி அறை அறையாகப் பிரித்திருந்தார்கள். தடுப்பு ஆள் உயரத்துக்குத்தான் இருக்கும். அதற்கு மேலே எல்லாச் சத்தமும் ஒன்றாகிவிடும். டவாலி வாசலில் நின்று ஒருவன் பெயரை மூன்று தடவை கூப்பிட்டால் கட்டிடம் இன்னும் இரண்டு தடவை கூப்பிடும். கிராமத்திலிருந்து முதல்முறை வந்தவர்கள் தங்களை உள்ளேயிருந்து வேறு யாரோ கூப்பிடுவதாக நினைத்துக்கொண்டு தப்பான பக்கம் ஓடுவார்கள். போதாததற்குப் புறாக்கள். வக்கீல் வாதத்தின் நுனியில் நிற்கும்போதுதான் மேலே இறக்கையடிக்கும். மாலையானால் வௌவால். பழைய கட்டுகளின் மேல் விழுந்த எச்சத்தைச் சுரண்டிவிட்டுத்தான் பிரிக்க வேண்டும் என்று அப்பா புலம்புவார்.

ஒரு நாள் தூக்கை வைத்துவிட்டுச் சாட்சிக் கூண்டுப் பக்கம் ஒதுங்கி நின்றேன். தண்டட்டி போட்ட ஒரு கிழவி, உசிலம்பட்டிப் பக்கம் என்று பேச்சிலேயே தெரிந்தது, கூண்டுக்குள் நின்று ஏதோ வரப்புத் தகராறு பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நீதிபதிக்குக் காதில் விழவில்லை. “உரக்கச் சொல்லும்மா” என்றார் வக்கீல். அவள் குரலை ஏற்றினாள். ஏற்றியதும் மேலே போய் முட்டி எல்லாம் கலங்கித் திரும்பியது. “கத்தாதே, நிதானமாச் சொல்லு” என்றார்கள். இறக்கினாள். மறுபடி “கேக்கலை.” மூன்றாவது தடவை அவள் கூரையை ஒருமுறை பார்த்தாள். நீதிபதியைப் பார்த்தாள். “சாமி, இம்புட்டு ஒசரத்துக்குக் கட்டிப்பிட்டு என்னையக் குத்தஞ் சொன்னா எப்பிடி?” என்றாள். நீதிபதி உள்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவள் சிரிக்கவில்லை. வழக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. வாய்தா போட்டிருப்பார்கள்.

வாய்தாவை நம்பித்தான் வெளியே ஒரு ஊரே பிழைத்தது. ஸ்டாம்ப் வெண்டர், மனு எழுதுகிறவர், டைப் அடிக்கிறவர், பருத்திப்பால் விற்கிறவர், வேர்க்கடலைக்காரர், கட்சிக்காரரை வக்கீல் வீட்டுக்கு வழிகாட்டிக் கூட்டிப்போய் இரண்டு பக்கமும் காசு வாங்குகிறவர். இதில் இன்னொரு விஷயம் சேர்ந்துகொண்டது. 1910-ல் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களை வெட்டி ராமநாதபுரம் ஜில்லாவை உண்டாக்கியபோது அதன் தலைமையகத்தை மதுரையிலேயே வைத்துவிட்டார்கள். ராமநாதபுரம் ஜில்லா கோர்ட்டும் மதுரையில்தான். ஆகவே கமுதிக்காரர், திருவாடானைக்காரர், ராமேஸ்வரம் தீவுக்காரர் எல்லோரும் தங்கள் ஜில்லா கோர்ட்டுக்கு அடுத்த ஜில்லாவுக்கு ரயிலேறி வர வேண்டும். முந்தின ராத்திரியே வந்து ஸ்டேஷனுக்கு எதிரில் மங்கம்மாள் சத்திரத்தில் முடங்கிவிட்டு, காலையில் கட்டுச்சோற்றோடு மகால் பக்கம் நடந்து வருவார்கள். வரும்போதே முகத்தில் களைப்பு. வாய்தா என்று கேட்டதும் அது இரட்டிப்பாகும். ஏழைக்கு வழக்கில் தோல்வி என்பது தீர்ப்பு நாளில் வருவதில்லை, ரயில் சார்ஜில் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது என்று அப்பா சொல்லுவார். அவர் சொன்னதில் எனக்கு நன்றாக நினைவிருப்பது அது ஒன்றுதான்.

அவர்கள் தூணில் சாய்ந்து உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள். விரலில் மிஞ்சிய சுண்ணாம்பைத் தூணில் தடவுவார்கள். ஒவ்வொரு தூணிலும் உட்கார்ந்த உயரத்துக்கு ஒரு வெள்ளைக் கீற்றுப் பட்டை இருக்கும். நாயக்கர் பூசியது போக மீதியை ஜனங்கள் பூசினார்கள். தொல்லியல் துறை பிறகு சுத்தம் செய்தது சரிதான், எச்சில் கறையும் சேர்ந்தல்லவா இருந்தது. இருந்தாலும் மிரட்டுவதற்காகக் கட்டிய தூணை முதுகு சாய்க்கிற சுவராக்கிக்கொண்ட அந்தச் சாமர்த்தியம் எனக்குப் பிடித்திருந்தது.

அப்பாவின் நகல் பிரிவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோர்ட்டுக் கதை எழுதுகிறவர்கள் கூண்டைத் தாண்டி இந்தப் பக்கம் வருவதேயில்லை. தீர்ப்பு சொன்னதோடு விஷயம் முடிவதில்லை. தோற்றவன் அப்பீல் போக வேண்டும் என்றால் தீர்ப்புக்கும் டிக்ரிக்கும் சர்டிபைடு நகல் வேண்டும். நகல் மனு போட்டு, முத்திரைத்தாள் கட்டி, அறிவிப்புப் பலகையில் தன் நம்பர் வருகிறதா என்று தினம் வந்து பார்க்க வேண்டும். அப்பீலுக்குக் கெடு ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே நகல் எழுதியானதும் இரண்டு பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒப்புப் பார்ப்பார்கள். ஒருவர் அசலை உரக்கப் படிப்பார், இன்னொருவர் நகலில் விரலை ஓட்டுவார். கமா, புல்ஸ்டாப், பிராக்கெட் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட அப்பா “திருவளர்ச்செல்வன், கமா” என்றுதான் படிப்பார். அம்மா அடுப்படியிலிருந்து, “முகூர்த்தம் எப்பன்னு சொல்லுங்க, புல்ஸ்டாப்பு எனக்கு எதுக்கு” என்பாள்.

ரிக்கார்டு அறை அப்பாவுக்குக் கோயில். சிவப்புத் துணியில் கட்டி நாடா போட்ட கட்டுகள். தீர்ப்பும் டிக்ரியும் காலாகாலத்துக்கும் நிற்கும், மற்ற தாள்களைக் கெடு முடிந்ததும் அழித்துவிடுவார்கள். “சாட்சி சொன்னவன் போயிருவான், தீர்ப்புச் சொன்னது நிக்கும்” என்பார். அவருக்கு இதில் வருத்தமா பெருமையா என்று முகத்தில் கண்டுபிடிக்க முடியாது.

மதுரை கோர்ட்டு வழக்குகளில் இரண்டைச் சட்டம் படித்தவர்கள் இன்றும் படிக்கிறார்கள். இரண்டும் நேப்பியர் காலத்துக்குச் சற்று முந்தி மதுரையில் கிளம்பி லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனவை. ஒன்று சிவகங்கை ஜமீன் வழக்கு. 1829-ல் இறந்துபோன ஜமீன்தாரின் சொத்து யாருக்கு என்று ஆரம்பித்து, மகள் காத்தமா நாச்சியார் பக்கம் 1863-ல் தீர்ப்பானது. ஒருவர் தானே தேடிய சொத்துக்கும் குடும்பச் சொத்துக்கும் வாரிசு முறை வேறு என்ற கொள்கைக்கு வக்கீல்கள் அதை மேற்கோள் காட்டுவார்கள். மற்றொன்று ராமநாதபுரம் வழக்கு. புருஷன் இறந்தபின் ராணி சுவீகாரம் எடுத்துக்கொண்டார். அது செல்லாது, ஜமீனுக்கு வாரிசு இல்லை, சர்க்காரைச் சேரும் என்றார் மதுரை கலெக்டர். 1868-ல் பிரிவி கவுன்சில் ராணி பக்கம் பேசியது. பங்காளிகள் சம்மதித்தால் தமிழ்நாட்டில் விதவை சுவீகாரம் எடுக்கலாம் என்றது. வழக்கம் தெளிவாக நிரூபணமானால் சாஸ்திர வாசகத்தைவிட அது கனமானது என்றும் சொன்னது.

அதே 1868-ல்தான் ஜே. எச். நெல்சன் என்ற சிவில் சர்வீஸ்காரர் மதுரை நாட்டைப் பற்றிய பெரிய கையேட்டை வெளியிட்டார். பின்னாளில் அவர் நீதிபதி வேலைக்குப் போனார். 1877-ல் இன்னொரு புத்தகம் எழுதினார். சம்ஸ்கிருத நூல்களில் உள்ளதை எல்லாச் சாதிக்கும் பொதுவான இந்துச் சட்டம் என்று சென்னை உயர் நீதிமன்றம் திணிக்கிறது, இங்குள்ள பெரும்பாலான ஜனங்களுக்கு அந்த நூல்களோடு சம்பந்தமே இல்லை என்று சண்டைக்குப் போனார். உயர் நீதிமன்றத்தில் அவருக்கு நல்ல பேர் இல்லை. மறவர், கள்ளர், வெள்ளாளர், சாணார் என்று ஊர் ஊராக வழக்கங்களைப் பார்த்துவிட்டு வந்த மனுஷன் அப்படித்தான் எழுத முடியும் என்று எனக்குப் படுகிறது.

வழக்கம் கனமானது என்ற வாக்கியத்துக்கு இன்னொரு முனை உண்டு. அது 1899-ல் குத்தியது. 1897-ல் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்து வழிபட்டார்கள். கோயிலின் பரம்பரை அறங்காவலரான ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி மதுரை சப்-கோர்ட்டில் வழக்குப் போட்டார். சாட்சி மேல் சாட்சியாக விசாரித்தார்கள். யார் எதுவரைக்கும் போகலாம், எந்தக் கல்லைத் தாண்டினால் தீட்டு என்பதைக் கோர்ட்டில் உட்கார்ந்து அளந்தார்கள். 1899 ஜூலையில் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பு. அந்த வருஷம் ஜூனில்தான் நாடார்களைக் குறிவைத்த சிவகாசி கலவரம். தீர்ப்பு உயர் நீதிமன்றத்திலும் நின்றது, 1908-ல் பிரிவி கவுன்சிலிலும் நின்றது. அப்பா சொன்ன நிற்கும் தாள்களில் அதுவும் ஒன்று.

நாற்பது வருஷம் கழித்து அதற்கு மறுமொழி சொன்னவரும் மதுரை வக்கீல்தான். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்டோர் ஐவரையும் ஒரு நாடாரையும் கூட்டிக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போனார். அவர் வக்கீலாக இருந்ததால் ஒன்று நன்றாகத் தெரிந்திருக்கும்: உள்ளே போவது ஒரு நாள் காரியம், அதற்கப்புறம் வழக்கு வரும். ராஜாஜி அரசாங்கம் கொண்டுவந்த சட்டத்தின் பெயரிலேயே ஆலயப் பிரவேச அனுமதியோடு ‘பாதுகாப்பு’ம் சேர்ந்திருந்தது. கோயிலுக்குள் அழைத்துப் போனவர்களையும் அதிகாரிகளையும் வழக்கிலிருந்து காப்பாற்றத்தான். கமுதியில் கோர்ட்டு மூடிய கதவை மதுரையில் கோர்ட்டுக்கு வெளியே திறந்து, பிறகு கோர்ட்டு மறுபடி மூடாதபடி தாழ்ப்பாளைக் கழற்றினார்கள்.

அந்த வராந்தாக்களில் நடந்த வக்கீல்களில் முதலில் சொல்ல வேண்டியவர் எஸ். சுப்பிரமணிய ஐயர். மதுரைக்காரர், குமாஸ்தாவாக ஆரம்பித்தவர். அப்பாவுக்கு அதில் தனிச் சந்தோஷம். 1869-லிருந்து பதினைந்து வருஷம் போல மதுரையில் தொழில் செய்துவிட்டுச் சென்னைக்குப் போய், உயர் நீதிமன்ற நீதிபதியாகி, தலைமை நீதிபதியாகவும் தற்காலிகமாக இருந்தார். கடைசிக் காலத்தில் ஹோம் ரூல் இயக்கத்துக்காக அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்குக் கடிதம் எழுதி, வெள்ளைக்காரர்களைக் கோபப்படுத்தி, ‘சர்’ பட்டத்தையே திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்னொருவர் ஜார்ஜ் ஜோசப். செங்கன்னூரில் பிறந்து, லண்டனில் பாரிஸ்டர் படித்து, மதுரையில் வந்து உட்கார்ந்தவர். குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் கள்ளர்கள் ராத்திரிதோறும் போலீஸ் ஸ்டேஷனில் ரேகை வைக்க வேண்டியிருந்த காலத்தில், அவர்களுக்காகக் கோர்ட்டிலும் பத்திரிகையிலும் வாதாடினார். அந்த ஜனங்கள் அவரை ‘ரோசாப்பூ துரை’ என்று கூப்பிட்டார்கள். 1938-ல் அவர் மறைந்தபோது சட்டம் இன்னும் உயிரோடு இருந்தது. 1947-ல்தான் நீங்கியது.

இந்த இடத்தில் மகாலின் பழைய கதை ஒன்று ஞாபகம் வருகிறது. திருமலை நாயக்கரின் படுக்கையறைக் கூரையில் ஒருவன் துளை போட்டு இறங்கி நகைகளைத் திருடிப் போய்விட்டான். ஆளைப் பிடிக்க முடியவில்லை. திருடியவன் தானாக வந்து நகையைக் கொடுத்தால் பரம்பரை ஜாகீர் தருவதாக நாயக்கர் அறிவித்தார். அவன் வந்தான், கொடுத்தான். நாயக்கர் சொன்னபடி ஜாகீரை எழுதிக் கொடுத்துவிட்டு, தலையை வெட்டச் சொன்னார். கதைதான், ஆதாரம் கிடையாது. மகாலில் நடந்த முதல் கேஸ் என்று அப்பா அதைச் சொல்லுவார். “வாக்கும் தப்பலை, தண்டனையும் தப்பலை, அப்பீலும் கிடையாது” என்பார். கட்டிடத்துக்கு அந்த நீதி பொருந்தும். அதே கூரைக்குக் கீழே ஏழைப்பட்டவன் ஒருவன் தோற்றுவிட்டு, நகல் மனு போட்டு, மெட்ராசுக்கு அப்பீல் போக முடிந்தது என்பது சின்ன விஷயம் இல்லை. ரயில் சார்ஜ் அவனைத் தின்றது என்று மேலே சொன்னேன். அதுவும் நிஜம், இதுவும் நிஜம்.

1970-ல் கோர்ட்டு வைகைக்கு வடகரையில் புதுக் கட்டிடத்துக்குப் போயிற்று. கட்டுகள் வண்டி வண்டியாகப் பாலம் தாண்டின. அப்பா கவலைப்பட்டதெல்லாம் கட்டுகளின் வரிசை நம்பர் கலைந்துவிடுமே என்று. அரண்மனையை விட்டுப் போகிறோம் என்று அவருக்குத் துக்கம் இருக்கும் என எதிர்பார்த்த எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். புது ஆபீஸ் எப்படி என்று அம்மா கேட்டதற்கு, “தாழ்வாரமெல்லாம் குட்டை. ஆனா சாட்சி சொல்றது காதுல விழுகுது” என்றார். தண்டட்டிக் கிழவி கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

கோர்ட்டு போனதும் தடுப்புகள் போயின, பீரோக்கள் போயின, கூடம் தன் முழு அளவுக்கு விரிந்துகொண்டது. அழகுதான், மறுக்க மாட்டேன். நாடக சாலையில் அருங்காட்சியகம் வைத்தார்கள். சாயங்காலத்தில் ஒலி ஒளிக் காட்சி வந்தது. அதை ஒருமுறை போய்ப் பார்த்தேன். வண்ண விளக்குகள் தூண் தூணாக ஏறி இறங்க, ஒலிபெருக்கியில் சிலப்பதிகாரக் கதை சொல்கிறார்கள். மதுரை மன்னனின் சபைக்கு ஒரு பெண் தனியாக வந்து, விசாரிக்காமல் கொடுத்த தண்டனைக்குக் கணக்குக் கேட்கிறாள், சாட்சிப் பொருளை எடுத்து வைக்கிறாள், மன்னன் தன் தப்பை ஒப்புக்கொண்டு விழுகிறான். மகாலுக்கும் அந்தக் கதைக்கும் கல்வெட்டுச் சம்பந்தம் எதுவும் கிடையாது, நடுவில் ஆயிரம் வருஷத்துக்கு மேல். ஆனால் அந்தக் காட்சியை எழுதியவர்கள் ஒரு வரி சேர்த்திருக்கலாம்: இதே கூடத்தில் நூறு வருஷம் நிஜமாகவே பெண்கள் வந்து கூண்டில் நின்று கணக்குக் கேட்டார்கள், அவர்களில் சிலருக்குக் கிடைத்தது, பலருக்கு வாய்தா கிடைத்தது என்று. சேர்க்கவில்லை. வளாகத்தில் வைத்திருக்கும் விவரப் பலகையைத் தேடிப் படித்தேன். நாயக்கர் இருக்கிறார், நேப்பியர் இருக்கிறார். ஒரு வக்கீல் பெயர் இல்லை, ஒரு வழக்கு இல்லை.

2004-ல் உயர் நீதிமன்றக் கிளையே மதுரைக்கு வந்துவிட்டது. ஒத்தக்கடைப் பக்கம் எத்தனையோ ஏக்கரில், கார் நிறுத்துவதற்கே ஒரு மைதானம். ராமேஸ்வரத்துக்காரருக்கு இப்போது அப்பீலுக்காக மெட்ராஸ் ரயில் பிடிக்க வேண்டாம். அப்பா இருந்திருந்தால் இதை நிச்சயம் பாராட்டியிருப்பார், கமா போட்டு.

போன வருஷம் வெளியூரிலிருந்து வந்த உறவுக்காரப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மகாலுக்குப் போனேன். எங்களிடம் வந்த வழிகாட்டிப் பையன் நல்ல சுறுசுறுப்பு. இத்தாலிக் கொத்தனார், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சொன்னான். நான் அவனை ஓரமாகக் கூப்பிட்டு, “தம்பி, 1970 வரைக்கும் இங்கதான் ஜில்லா கோர்ட்டு. எங்கப்பா இங்க வேலை பாத்தாரு” என்றேன். “நெசமாவா சார்?” என்று ஆர்வமாகக் கேட்டுக்கொண்டான். எந்த மாதிரி கேஸ் நடக்கும் என்று விசாரித்தான். ஜமீன் வழக்கு, கோயில் வழக்கு, கொலை வழக்கு எல்லாம் சொன்னேன், தலையாட்டிக்கொண்டு கேட்டான். எனக்குத் திருப்தியாக இருந்தது. அரைமணி நேரம் கழித்துப் பிள்ளைகளோடு வெளியே வரும்போது அவன் அடுத்த கூட்டத்தை நிறுத்திவைத்துப் பேசிக்கொண்டிருந்தான். “இதுதான் சார் கோர்ட்டு. இந்தியாவுலயே கோர்ட்டுக்குன்னு அரண்மனை மாதிரி கட்டுன ஒரே ராஜா திருமலை நாயக்கர்தான். அந்தா அந்த எடத்துலதான் உக்காந்து தூக்குத் தண்டனை குடுப்பாரு.” கூட்டம் அந்த இடத்தைப் படம் எடுத்தது. அப்பா தூக்கைத் திறந்து சாப்பிடும் மூலை அது.